எச்-1பி: 60 நாளில் 19 போயாச்சு, ரெஃபரல் வேண்டும்

டல்லாஸ் பக்கம் இருப்பவர்களே, எச்-1பி-யில் (அமெரிக்க வேலை விசா) இருக்கும் என் கணவருக்கு வேலை போய் 19 நாள்; வேறு கம்பெனி மனு போட இருக்கும் அவகாசம் மொத்தம் 60 நாள். ஜாவா, ஸ்பிரிங் பூட், ஏ.டபிள்யூ.எஸ், 11 வருட அனுபவம். உங்கள் கம்பெனியில் எச்-1பி டிரான்ஸ்ஃபர் (விசாவைப் புது கம்பெனிக்கு மாற்றுவது) செய்யும் இடம் இருந்தால் ஜாப் ஐடி மட்டும் அனுப்புங்கள், ரெஸ்யூமை அதற்கேற்பத் திருத்தித் தருகிறோம். "ஏதாவது இருந்தால் சொல்கிறேன்" வேண்டாம், ப்ளீஸ்.

60 நாள் என்றால் கேட்க நிறைய நாள் போலத் தெரியும். சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளுக்கு மறுநாளே ஓட ஆரம்பித்துவிடும். செவரன்ஸ் பணம் (வேலை போகும்போது தரும் இழப்பீடு) வந்தாலும் நீளாது. ஐ-94 (இங்கே தங்க அனுமதித்த தேதி) முன்னதாக முடிந்தால் அதோடு சரி. புது கம்பெனிக்கு எல்.சி.ஏ (தொழிலாளர் துறை ஒப்புதல்) கிடைக்கவே சுமார் 7 வேலை நாள், அதன் பிறகுதான் ஐ-129 (எச்-1பி மனு). வக்கீல் கேட்கும் பேஸ்லிப், டிகிரி மதிப்பீட்டுக்கும் நாள் போகும். ஆக, 40-ஆம் நாளுக்குள் ஆஃபர் கையில் இல்லாவிட்டால் சிரமம். மனு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திராமல் வேலையில் சேரலாம்.

ஒரு சந்தேகம்: கடைசி வாரத்தில் ஐ-539 (விசா நிலை மாற்ற விண்ணப்பம்) போட்டு பி-2 (சுற்றுலா விசா நிலை) கேட்டவர்களுக்கு, அது நிலுவையில் இருக்கும்போது வந்த எச்-1பி இங்கேயே மாறியதா, ஊருக்குப் போய் ஸ்டாம்பிங் (தூதரகத்தில் விசா முத்திரை) முடித்து வர வேண்டியிருந்ததா? எச்-4-ல் (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) நானும் பையனும் இருக்கிறோம். எங்களுக்கு ஐ-539ஏ (கூட விண்ணப்பிப்பவருக்கான இணைப்புப் படிவம்) சேர்த்தால் போதும்தானே?