அம்பாப் பாட்டுக்கு உரிமை யாருக்கு?

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஆக்கள் பாடின அம்பாப் பாட்டை, வாடியடியில் (மீனவர் கடற்கரைக் குடிலடியில்) நின்று போனில் பதிவு செய்து யூடியூபில் போட்டேன். இரண்டு நாளில் ஒரு கம்பனி அந்த மெட்டு தங்களுடையதாம் என்று உரிமை கோரியிருக்கிறது. தலைமுறையாகப் பாடிவருவதை எப்படி இவர்கள் பிடித்துக்கொள்ளலாம்?

மூதூரான்: மெட்டு அவர்களுடையது இல்லை. தாங்கள் செய்த ஒலிப்பதிவுக்கு மட்டும்தான் அவர்களுக்கு உரிமை இருக்கும், உங்களுடையதோ நீங்களே பதிந்தது, அதனால் பயப்படாமல் மறுப்பு அனுப்புங்கள். அசல் கோப்பை அழித்துப்போடாதீர்கள்.

கடற்கரையாள்: அண்ணா சொல்வது சரி. ஆனால் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவையும் பாருங்கள். நாட்டார் கலையை வணிகத்துக்கோ வழக்கமான சூழலுக்கு வெளியேயோ எடுத்தால் அனுமதி வாங்கவேண்டும், வரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறது. ஆசிரியர் பெயர் தெரிந்த பாட்டுக்கு அவர் இறந்து 70 ஆண்டுவரை காவல் இருக்கிறது, அம்பாவுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை, வலையில் நிற்கிற எல்லாரும் அடி கூட்டிக் கூட்டித்தான் அது வளர்ந்தது. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

மூதூரான்: பாடினவர்களிடம் கேட்டுத்தானே போட்டீர்கள்? வீடியோவுக்குக் கீழே அவர்கள் பெயரையும் போடுங்கள் தம்பி.