மில்லிங் மெஷின் இல்லாமல் ஷாஃப்டில் கீ வே வெட்ட முடியுமா?

மசாலாமில்_சிப்புட்:
சுங்கை சிப்புட்டில் அப்பா நடத்திய மசாலா மில்லை மறுபடி ஓட வைக்கப் பார்க்கிறேன். தீபாவளி நெருங்கினால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து மிளகாயும் மல்லியும் காயவைத்து வறுத்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அந்தக் கூட்டம் வருவதற்குள் மில் ஓட வேண்டும். பழைய ஷாஃப்டில் கீ, அதாவது புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் இரும்புத் துண்டு, ஆடி ஆடி அது உட்காரும் பள்ளமே (கீ வே) வாய் பிளந்துவிட்டது. லேத் கடையில் 25 மி.மீ. புது ஷாஃப்ட் கடைந்து வாங்கிவிட்டேன், ஆனால் கீ வே வெட்ட அங்கே மில்லிங் மெஷின் இல்லை. ஈப்போவில் கேட்டால் ஒரே ஒரு பீசுக்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

கையில் இருப்பது பெஞ்ச் வைஸ், மேஜை ட்ரில், கை கிரைண்டர், நாலைந்து அரம். கீ வே ஷாஃப்ட் முனையிலிருந்து 40 மி.மீ. நீளம் வேண்டும், புல்லியில் பள்ளம் ஏற்கனவே இருக்கிறது. அது போக, மோட்டார் மாற்றியதால் அடித்தட்டிலும் நான்கு நீளத் துளை போட வேண்டும், தட்டு 10 மி.மீ. கனம், போல்ட் எம்10. ட்ரில்லில் எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் பிட்) மாட்டி, ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளி வெட்டலாமா? செய்து பார்த்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்:
தம்பி, எண்ட் மில் யோசனையை விட்டுவிடுங்கள். ட்ரில்லின் சக், அதாவது பிட்டைப் பிடிக்கும் தலை, பெரும்பாலும் டேப்பர் என்ற கூம்புத் தண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, மேலிருந்து அழுத்தினால் இறுகும், பக்கத்திலிருந்து தள்ளினால் கழன்றுவிடும். சுற்றிக்கொண்டே கீழே விழும் சக் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கழலாவிட்டாலும் எண்ட் மில்லின் வழுவழுப்பான தண்டைச் சக்கின் மூன்று தாடைகள் சரியாகப் பிடிக்காது, வெட்ட வெட்ட அது கீழே இறங்கிக்கொண்டே வரும், ஆழம் தப்பிவிடும்.

ஓய்வு_ஃபிட்டர்:
செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். இரவு ஷிஃப்டில் கன்வேயர் நின்றுவிட்டால் மில்லிங் மெஷினைத் தேடி எங்கே போவது, உளியும் அரமும் வைத்தே கீ வே வெட்டி ஓட்டியிருக்கிறோம். தாராளமாக முடியும் தம்பி.

25 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 அகலம் 7 உயரம் கீ. ஷாஃப்டில் 4 மி.மீ. ஆழம், புல்லியில் 3.3. கோடு போடுவதில்தான் பாதி வேலை இருக்கிறது, அதில் அவசரப்படாதே. ஒரு நேரான ஆங்கிள் இரும்புத் துண்டை ஷாஃப்ட் மேல் கவிழ்த்து வைத்தால் அதன் விளிம்பு ஷாஃப்டுக்கு இணையாகத் தானாகவே நிற்கும். மார்க்கர் பேனாவால் ஷாஃப்டைக் கறுப்பாக்கிவிட்டு, அந்த விளிம்பை ஒட்டிக் கூர்முனையால் கீறு. அதிலிருந்து 8 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு, நடுவில் ஒன்று.

நடுக்கோட்டின் மேல் அரத்தால் லேசாக ராவி சிறு தட்டை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ட்ரில் பிட் உருண்டையில் வழுக்கும். சென்டர் பஞ்ச் அடித்து 7 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளை போடு, ஒன்றோடொன்று ஒட்டாமல் அரை மில்லி இடைவெளி விட்டு. வேகம் நிமிடத்துக்கு 1,100 சுற்றுப் பக்கம் இருந்தால் போதும், எண்ணெய் விட்டுக்கொண்டே போடு. பிட்டின் முனை கூம்பாக இருப்பதால், 4 மி.மீ. என்பதைக் கூம்பின் நுனியிலிருந்து கணக்கிட வேண்டும், பலர் இதில்தான் தப்பு செய்கிறார்கள். நுனி 4-ஐத் தாண்டினால் பள்ளத்தின் அடியில் குழி நின்றுவிடும்.

அப்புறம் குறுகிய உளியால் இடைச்சுவர்களைத் தட்டி எடு, ஒரே அடியில் நிறையச் சீவ நினைக்காதே. கடைசியில் பக்கம் வழுவழுப்பான தட்டை அரம், அதாவது ஒரு விளிம்பில் பல் இல்லாதது, அதுதான் வேண்டும். பல்லில்லாத பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டு போகும், அடிப்பகுதி மட்டும் ராவப்படும். அரத்தில் வெண்கட்டி தேய்த்துக்கொண்டால் துகள் பல்லில் சிக்காது.

ஆழம் பார்க்க வெர்னியர் அளவுகோலை உள்ளே நுழைத்துத் தடுமாற வேண்டாம். கீயைப் பள்ளத்தில் வைத்து, கீயின் தலையிலிருந்து ஷாஃப்டின் மறுபக்கம் வரை அள. 28 மி.மீ. வந்தால் சரி. புல்லியின் துளையில் பள்ளத்தோடு சேர்த்து 28.3 இருக்கும், அந்த இடைவெளி கீயின் தலைக்கு வேண்டும். கீ இறுக வேண்டியது பக்கங்களில், தலையில் அல்ல.

வெல்டிங்_தைப்பிங்:
அடித்தட்டுக்கு எதற்குத் துளை போட்டு அரம் ராவிக்கொண்டிருக்கிறீர்கள்? 40 மி.மீ. அகலப் பட்டை இரும்பை அளவாக வெட்டி, ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் 11 மி.மீ. துளை பிட்டையே ஸ்பேசராகச் செருகி, இரண்டு முனைகளிலும் குறுக்குத் துண்டு வைத்து வெல்டு செய்தால் நடுவில் நீளத் துளை தானாக வந்துவிடும். இரண்டு ஜோடி செய்தால் மோட்டாரின் நான்கு காலுக்கும் போதும். வெல்டு செய்யும்போது சூட்டில் வளைந்துவிடும், அதனால் முனைகளை மாற்றி மாற்றிச் சின்னச் சின்னப் புள்ளியாக வை, முடிந்ததும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா பார்.

மசாலாமில்_சிப்புட்:
அண்ணன்மார்களுக்கு நன்றி. இரண்டு சாயங்காலம் ஆனது, கை வீங்கிவிட்டது, ஆனால் பள்ளம் வந்துவிட்டது. கீ வைத்து அளந்தால் 28.1 வருகிறது. அடித்தட்டைத் தைப்பிங் அண்ணன் சொன்னபடியே பட்டை இரும்பில் செய்துவிட்டேன், ஆடவில்லை. ஒரே ஒரு சிக்கல், ஒரு பக்கச் சுவரில் உளி கொஞ்சம் விலகிப் போய்விட்டது. 8 மி.மீ. கீ பள்ளத்தில் லேசாக ஆடுகிறது, புல்லியில் மட்டும் இறுக்கமாக இருக்கிறது. புது ஷாஃப்ட் கடைய வேண்டியதுதானா?

ஓய்வு_ஃபிட்டர்:
வேண்டாம் தம்பி. முதலில் இரண்டு சுவரையும் நேராக ராவி, பள்ளத்தை எங்கும் ஒரே அகலத்துக்குக் கொண்டு வா, 8.6 ஆனாலும் பரவாயில்லை. பிறகு 10 மி.மீ. சதுர இரும்பில் படி வைத்த கீ ஒன்று ராவு. கீழ்ப்பாதி உன் பள்ளத்துக்கு இறுக்கமாக, மேல்பாதி 8 மி.மீ. புல்லிக்கு இறுக்கமாக. அடிக்கும் முன் விளிம்புகளை லேசாக மழுக்கிவிடு, சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும், கையால் தள்ளினால் போகிறது என்றால் மறுபடி செய். மில்லை வெறுமனே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார், கீயின் பக்கத்தில் ஒரே ஒரு மூலையில் மட்டும் பளபளப்பு இருந்தால் அந்த இடத்தைத் தொட்டு ராவு. மிளகாயை அதற்கப்புறம் போடு.