இரவு இரண்டு மணிக்கு இமையைத் தூக்கிப் பார்த்தவள்

செவ்வந்தி, சாட்ஸ்வொர்த்

போன குளிர்காலத்தில் நடந்தது. விளக்கை அணைத்துப் படுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது, அதனால் எழுதுகிறேன். டூ ஸ்டெப் விஷம் என்றால் என்னவென்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதிலுக்கு மேல் அதைத் தடவிய பொலோனி இறைச்சித் துண்டு வந்து விழுந்திருக்கிறது, எங்கள் நாய் கருப்பன் தின்றுவிட்டான். நாங்கள் கதவைத் திறந்தபோது பின்னங்கால்கள் மடங்கிக் கிடந்தான். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், உடம்பெல்லாம் தசை துடிக்கிறது.

பேக்கி வண்டியின் (சின்ன லாரி) பின்னால் அவனை மடியில் வைத்துக்கொண்டு, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உள்ளே ஒரு புல்டாக்குக்குப் பிரசவ அறுவையில் இருந்தார். முன்னால் இருந்தது ஒரு ஜூலு சிஸ்டர், அதாவது நர்ஸ், மட்டும். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. தரையிலேயே மண்டியிட்டு இமையைத் தூக்கி, பேனா அளவு டார்ச்சை அடித்தாள். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததை நானும் பார்த்தேன். "அட்ரோபின், முப்பது கிலோ" என்று முறி மருந்தையும் அவன் எடையையும் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள். உள்ளிருந்து டாக்டர் அளவைச் சொன்னார். அவர் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். அவர் "சரி" என்ற பிறகுதான் ஊசி ஏறியது.

அதன் பிறகு என்னிடம் ஒரே கேள்வி: "வாயில் ஏதாவது ஊற்றினீர்களா?"

பால் ஊற்றியிருந்தேன். அவன் குடிக்கவில்லை, நான்தான் தாடையைப் பிளந்து ஊற்றினேன். எங்கள் ஆயா (பாட்டி) செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சொன்னேன். அவள் திட்டவில்லை. அரை நொடி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். உடனே குனிந்து அவன் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள்.

கருப்பன் பிழைத்தான். விஷம் ஒரே நாளில் இறங்கிவிட்டது. நுரையீரலுக்குள் போன பாலுக்குத்தான் நான்கு நாள் ஆக்ஸிஜன் கூண்டு. அந்த அரை நொடிப் பார்வை மட்டும் என்னை விடவில்லை.

ஃபீனிக்ஸ்காரன்

அக்கா, உங்களுக்கு சிஸ்டர் கிடைத்தாள். எனக்குக் கிடைத்தவன் பேனா வைத்திருந்த ஒரு பையன்.

விஷம் அதே விஷம், ஆஸ்பத்திரி வேறு. பெயர் சொல்ல விரும்பவில்லை. நாய் என் கையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன் படிவத்தை நீட்டுகிறான், 5000 ராண்ட் முன்பணம் என்கிறான். அட்டையைக் கொடுத்தேன். இயந்திரம் முதல் தடவை ஏற்கவில்லை. அந்தப் பையன் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். டாக்டரைத் தொலைபேசியில் எழுப்பி, அவர் எந்த மருந்து என்று சொல்லி, அவன் அலமாரியில் ஒவ்வொரு குப்பியாக எடுத்து மேலே ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது ராஜா அடங்கிவிட்டான். அந்த வெள்ளை ஓட்டுத் தரை இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தக் க்ளிக், க்ளிக் சத்தம் காதில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

செவ்வந்தி அம்மாவுக்கு, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பால் விஷத்தை முறிக்கும் என்பது நம் ஆட்களைப் பிடித்த பெரிய மூடநம்பிக்கை. ஆயாவை மதிக்கலாம், ஆயாவின் வைத்தியத்தை எல்லாம் மதிக்க வேண்டியதில்லை.

டூ ஸ்டெப் என்பது அல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி. கறுப்பு எள் போல இருக்கும். 2012இல் இந்நாட்டில் அதன் பதிவே போய்விட்டது, ஆனாலும் தெருச் சந்தையில் எலி மருந்து என்று பொட்டலமாக விற்கிறார்கள். நரம்பு தசையிடம் "இயங்கு" என்று சொன்ன பிறகு "போதும்" என்று நிறுத்த ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அதனால் எச்சில் நிற்காது, தசை நிற்காது, நுரையீரலுக்குள் நீர் சுரந்துகொண்டே இருக்கும். இழுப்பு வந்த நாய்க்கு விழுங்கத் தெரியாது. பால், எண்ணெய், முட்டை என்று எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம், உப்பே நாயைக் கொல்லும்.

செய்ய வேண்டியவை: மீந்த துண்டையோ பொட்டலத்தையோ வெறுங்கையால் தொடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். புறப்படும்போதே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நாயின் எடையை மாதம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். இரவில் நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். கையிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் தின்னாமல் பழக்குங்கள். இதை என் மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

என் அனுபவம் என்று கேட்டால், எங்கள் நாய்க்கு பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் ரூய்போஸ் தேநீர் போலச் செம்பழுப்பு நிறம், ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. வேறொரு நாயின் இரத்தம் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் ஈறு சிவந்தது. உண்ணியைப் பிடுங்குங்கள்.

வெருலம் பூனைக்காரி

ஆசிரியர் ஐயா, அந்த அம்மா வைத்தியம் கேட்கவில்லை. மனம் தாளாமல் சொன்னார்.

என் கதை சிறியது. என் கடுவன் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து கத்தியது. மலச்சிக்கல் என்று நினைத்து வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினேன் (ஐயா, இதற்கும் பாடம் நடத்திவிடாதீர்கள்). காலையில் வர நேரம் கேட்கலாம் என்று தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவள் டாக்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை, வரவேற்பில் இருக்கும் பெண். மூன்று கேள்வி கேட்டாள். ஆணா, பெண்ணா? மணல் கடைசியாக எப்போது நனைந்திருந்தது? வாந்தி எடுத்ததா? நான் மூன்றாவதற்குப் பதில் சொல்லி முடிக்கவில்லை, "அம்மா, சாவியை எடுங்கள், இப்போதே கிளம்புங்கள்" என்றாள்.

சிறுநீர்க்குழாய் அடைப்பு. உள்ளே பொட்டாசியம் ஏறி இதயம் நிமிடத்துக்கு 90 தடவைதான் துடித்தது. மனிதனுக்கு அது சரி, பூனைக்கு அது சாவின் வாசல். அடைப்பை எடுப்பதற்கு முன்பே இதயத்தைக் காக்க கால்சியம் ஏற்றினார்கள். காலை வரை காத்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அந்த மூன்று கேள்வியை அவளுக்கு யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா?

லெனேசியா மாமா

எல்லோரும் பணக்காரர்கள் போலிருக்கிறது. மனிதன் அரசு ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறான், இங்கே நாய்க்கு ஆக்ஸிஜன் கூண்டு, பூனைக்கு இதய வரைபடம். எங்கள் காலத்தில் நாய் பழைய சோறு தின்றது, தெருவில் படுத்தது, பதினைந்து வருடம் இருந்தது.

இருந்தாலும் சொல்கிறேன். 2023, மின்வெட்டு கடுமையாகி ஆறாம் நிலையில் இருந்த சமயம். மகளின் போர்புல் என்ற பெரிய காவல் நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டது, பறை போல உப்பிவிட்டது. அறுவை நடக்கும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். பொக்கென்று இருட்டு. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருத்தி நெற்றி விளக்கைப் போட்டு டாக்டரின் கை மேல் வெளிச்சம் விழும்படி நின்றாள். தலைமாட்டில் இருந்த சிஸ்டர் மூச்சுப் பையைக் கையால் அழுத்தத் தொடங்கினாள். ஆறு நொடிக்கு ஒன்று. வாய்விட்டு எண்ணினாள். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது, நானும் வெளியில் நின்று அவளோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் நாய்ப் பிரியன் இல்லை.

கூண்டறைப் பெண்

நான் டர்பனில் ஒரு செல்லப்பிராணி ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக உதவியாளர். சிஸ்டர் இல்லை. சிஸ்டர் என்றால் ஒண்டர்ஸ்டெபூர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். நாய், பூனை, மாடு எதற்கு டாக்டராக வேண்டுமென்றாலும் இந்நாட்டில் அந்த ஒரே இடம்தான். 1920இலிருந்து அங்கே அந்தப் படிப்பு நடக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் மனசு.

ஃபீனிக்ஸ் அண்ணா, அந்தப் பேனா பையனைப் பற்றி எழுதினீர்களே. முதல் வேலையில் நான் அவன்தான். சேர்ந்த மூன்றாம் நாள், இரவுப் பணி, துணைக்கு யாரும் இல்லை. முன்பணம் வாங்காமல் கதவைத் திறக்காதே என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஒரு கிழவர் போர்வையில் சுற்றிய நாயோடு வந்தார். நான் படிவத்தை நீட்டினேன். அவர் எழுதினார், நல்ல கையெழுத்து. போர்வையை விலக்கிப் பார்த்தால் நாய் ஏற்கனவே விறைத்திருந்தது. அது எப்போது போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் ஒரு தடவைகூடப் போர்வைக்குள் பார்க்கவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் புதன்கிழமை காலை ஒரு மணி நேரம் பயிற்சி. பஞ்சு அடைத்த ஒரு பொம்மை நாய் இருக்கிறது, பெயர் சாம்பார். அதை ஒருக்களித்துப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்துவோம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்த கை ஆழமாக அழுத்தாது. துப்புரவு செய்யும் அக்கா உட்பட எல்லோரும் செய்ய வேண்டும். எங்களிலேயே நன்றாக அழுத்துவது அவர்தான். இதயம் நின்ற நாய்களில் நூற்றுக்குப் பத்துகூட வீடு திரும்புவதில்லை, அதையும் சொல்லித்தான் பழக்குகிறார்கள்.

செவ்வந்தி அக்கா கவனித்தாரே, அளவைத் திருப்பிச் சொல்வது. அது மரியாதைக்காக இல்லை. 0.5 என்பது 5 என்று காதில் விழுந்தால் மருந்தே விஷம். அட்ரோபின் கொடுத்த பிறகு கண்பாவை விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நெஞ்சில் நீர்ச் சத்தம் வற்றுகிறதா என்று கேட்க வேண்டும். அவள் குழலை வைத்ததற்கு அதுவும் காரணம். உங்கள் பாலுக்காக மட்டும் இல்லை.

ஃபீனிக்ஸ்காரன்

தங்கச்சி, நீ சொல்வது புரிகிறது. அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதது அவன் தப்பு இல்லை. ஆனால் பேனாவைக் கீழே வைக்க ஒருவன் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வேண்டும், தம்பி. பயந்தவன் கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அதை விடுவதற்குத்தான் பயிற்சி.

வெருலம் அம்மாவுக்கு: விளக்கெண்ணெயைப் பூனை நக்கினால் பேதியாகும்.

செவ்வந்தி, சாட்ஸ்வொர்த்

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு நேற்று ஒரு டப்பா முறுக்கோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளே முன்னால் இருந்தாள். என்னைத் தெரியவில்லை. கருப்பன் என்றேன், தெரியவில்லை. ஜூலையில், இரவு இரண்டு மணிக்கு, டூ ஸ்டெப் என்றேன். மாதத்துக்கு எத்தனையோ வருகின்றன என்று பணிவாகச் சிரித்தாள்.

டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டாள்: "அம்மா, பால் கொடுத்த நாயா?"