டீசல் ஊறிய மண்ணை மீட்க வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஒரத்தநாடு பக்கம் எங்கள் வயல். ஆயில் இன்ஜினுக்கு வைத்திருந்த டீசல் பேரல் காற்றுமழையில் சாய்ந்து, வரப்போர நிலத்தில் ஊறிவிட்டது. அங்கே தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. மண்புழுவைக் காணோம். உளுந்து முளைத்து, மஞ்சளாகிக் கருகுகிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

எண்ணெய் மண் துகளைப் போர்த்திக் காற்றோட்டத்தை அடைத்துவிடுமாம். சில பாக்டீரியாக்கள் டீசலையே உணவாக்கிப் பெருகும். ஆனால் டீசலில் கார்பன்தான் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை. அதனால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் அவையே இழுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கிறது. கார்பன் 100க்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் உரம் கொடுத்தால் அவை வேகமாக வேலை செய்யும் என்று படித்தேன்.

மேல்மண்ணை வெட்டி எடுத்துவிடுவதா, அங்கேயே தொழுவுரம் போட்டு, ஈரம் காத்து, அடிக்கடி கிளறிவிடுவதா? பயிர் நோய்க்குப் போடும் சூடோமோனாஸ் பாக்டீரியா பவுடர் டீசலையும் சிதைக்குமா? டெரி (TERI) ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆயில்சாப்பர் (எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக் கலவை) சிறு விவசாயிக்குக் கிடைக்குமா? பக்கத்திலேயே குடிதண்ணீர்க் கிணறு இருக்கிறது, அதுதான் பெரிய பயம். மண்ணையும் தண்ணீரையும் எங்கே பரிசோதிக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.