1973-இல் இலங்கை ரூபாய்க்கு இந்திய ரூபாய் எவ்வளவு? தாத்தாவின் சேமலாப நிதிக் கணக்கு

கோத்தகிரிப் பேத்தி:
வணக்கம். எங்கள் தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1973 ஆகஸ்டில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். அவருடைய நோட்டில் "சேமலாப நிதியும் சர்வீஸ் பணமும் சேர்த்து 2,860 ரூபாய்" என்று எழுதியிருக்கிறது. சேமலாப நிதி என்றால் நம்ம ஊர் பி.எஃப். மாதிரி. அது இலங்கைக் காசு. இந்தியக் காசாக எவ்வளவு வந்தது என்று எங்கேயும் குறிப்பில்லை. இணையத்தில் கரன்சி மாற்றும் பக்கத்தில் போட்டால் 800 சொச்சம் என்கிறது. அம்மாவோ, "அப்போ சிலோன் காசுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி" என்கிறார். எது சரி?

செலாவணிப்பிரிவு:
அம்மா சொல்வதுதான் சரி, மகளே. அந்தப் பக்கம் இன்றைய விகிதத்தை வைத்துப் பெருக்கியிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய பணத்துக்கு அது ஒத்துவராது.

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பழைய கணக்கோடு யார் வந்தாலும் முதலில் "எந்த மாசம்?" என்றுதான் கேட்பேன். நீங்கள் மாதத்தைச் சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு ரூபாய்க்கும் நடுவே நேரடி விலை தேடி அலைய வேண்டாம். ஒவ்வொன்றும் டாலருக்கு எவ்வளவு என்று பார்த்து, ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். 1973-இன் சராசரியில் ஒரு டாலருக்கு இந்திய ரூபாய் சுமார் 7.74, இலங்கை ரூபாய் சுமார் 6.40. வகுத்தால் 1.21. தாத்தாவின் 2,860 ரூபாய் அரசு விகிதப்படி இந்தியக் காசில் ஏறக்குறைய 3,460. அதில் வங்கிக் கமிஷன் கழிந்திருக்கும்.

இதன் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் குடும்பத்துக்கு அது முக்கியம். 1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுண்டோடு சேர்ந்து இரண்டு ரூபாயும் டாலருக்கு எதிராக மதிப்பு இறங்கின. அதன் பிறகும் இரண்டுமே பிரிட்டிஷ் காசில் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ்தான், டாலருக்கு 4.76. ஒன்றுக்கு ஒன்று. 1964 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அப்படித்தான் இருந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோக அனுமதிக்கப்படும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அதில் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு அது இந்தியாவிலும் 4,000-தான்.

1966 ஜூன் 6-இல் இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50 ஆக இறக்கியது. இலங்கை அசையவில்லை. அதே 4,000 ஒரே நாளில் 6,300 ஆயிற்று. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி விழுந்தபோது இலங்கையும் கூடவே 5.95-க்கு இறங்கியது, இந்தியா இறங்கவில்லை. 4,000-இன் மதிப்பு 5,040 ஆகக் குறைந்தது. கப்பலுக்குக் காத்திருந்த யாருக்கும் இதில் ஒரு பேச்சும் கிடையாது. எந்த மாதம் பெயர் கூப்பிட்டார்கள் என்பதே அவர்களுடைய ஆயுள் சேமிப்பின் விலையைத் தீர்மானித்தது. எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்கு ஆறவில்லை.

மலைநாட்டான்:
தங்கச்சி, நான் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அது அரசாங்க விகிதம் என்பதை மறக்கக் கூடாது. 1968 மே மாதம் முதல் இங்கே இரண்டு விகிதம் இருந்தது. பல இறக்குமதிகளுக்கு டாலர் வாங்க அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்கு மேலதிகமாகக் காசு கட்ட வேண்டும். 1973-இல் அந்த மேலதிகம் நூற்றுக்கு 65. அதையும் சேர்த்தால் டாலர் பத்தரை ரூபாய்க்கு மேலே போய்விடும். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்திய ரூபாய்தான் உசத்தி!

தேயிலை, ரப்பர், தென்னை ஏற்றுமதிக்கு மட்டும் அந்த மேலதிகம் கிடையாது. நம்ம ஆட்கள் கொழுந்து பறித்துச் சம்பாதித்துக் கொடுத்த டாலருக்குக் குறைந்த விகிதம், தொழிற்சாலைச் சாமான் ஏற்றியவருக்குக் கூடின விகிதம். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

கோத்தகிரிப் பேத்தி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரியப்பா குடும்பம் 1978-இல்தான் வந்தது. அவர் பெயரில் 3,100 ரூபாய். தாத்தாவை விட அதிகம் கொண்டுவந்தும் ஏன் கையில் காசே இல்லை என்று வீட்டில் இன்னும் பேசிக்கொள்வார்கள். வழியில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு.

செலாவணிப்பிரிவு:
யாரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை, மகளே. 1976 வரை இலங்கை ரூபாய் மெல்ல மெல்லத்தான் இறங்கியது, அந்த வருடச் சராசரியில்கூட இந்திய ரூபாயை விடக் கொஞ்சம் மேலே. 1977 நவம்பரில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இரட்டை விகிதத்தை எடுத்துவிட்டு ஒரு டாலர் 16 ரூபாய் என்று ஆரம்பித்தது. இந்திய ரூபாய் அப்போது எட்டரை அளவில். 1978 சராசரியில் ஒரு இலங்கை ரூபாய்க்கு இந்தியக் காசில் 52 பைசா. பெரியப்பாவின் 3,100-க்கு இங்கே வந்திருக்கக்கூடியது சுமார் 1,625 ரூபாய். தாத்தாவுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மலைநாட்டான்:
பெரியப்பா பெயரில் பழைய வங்கி டிராப்ட் நகலோ பாஸ்புக்கோ கிடைத்தால் பாருங்கள், தங்கச்சி. கப்பலேறிய தேதியைப் பார்க்காதீர்கள், பணம் மாற்றின தேதிதான் கணக்கு. 1977 நவம்பருக்கு முன்னாலேயே மாற்றி அனுப்பியிருந்தால் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்கும்.