நாளை டிஸ்சார்ஜ், மாத்திரைச் சந்தேகத்தை டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

மூத்தவள்:
அப்பாவுக்கு 71 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து இன்றோடு ஐந்து நாள், நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷம்தான், ஆனால் மருந்துச் சீட்டைப் பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், பான்டோப்ரசோல், அப்புறம் ராத்திரி தூங்க அல்பிரசோலம். மொத்தம் ஏழு. வீட்டில் அவர் வருஷக்கணக்கில் சாப்பிட்டுவந்த டெல்மிசார்டான் (பிரஷருக்கு), மெட்ஃபார்மின் (சுகருக்கு), முழங்கால் வலி வந்தால் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சீட்டில் ஒரு வரி இல்லை. சேர்த்துக் கொடுப்பதா, நிறுத்துவதா?

இன்னொன்று. அந்தத் தூக்க மாத்திரை ஆரம்பித்த இரண்டு ராத்திரியும் அப்பா நடுவில் எழுந்து, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினார். ரிட்டயர் ஆகிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது இரண்டே நிமிடம், பின்னால் நாலு பேர். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அப்பாவோ "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், சும்மா இரு" என்கிறார். கோபித்துக்கொள்ளாதபடி எப்படிக் கேட்பது?

இரவுப்பணி:
வார்டில் பல வருஷம் நர்ஸாக இருப்பவள் சொல்கிறேன், இன்றைக்கே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெரும்பாலும் முந்தின நாளே டியூட்டி டாக்டர் தயார் செய்துவிடுவார், அது பிரிண்ட் ஆவதற்கு முன்னால் மாற்றுவது சுலபம். நாளை பில் கட்டி, வண்டி வந்து நிற்கும்போது கேட்டால் எல்லோருக்கும் அவசரம், உங்களுக்கும்தான். ரவுண்ட்ஸில் பிடிக்க முடியவில்லையா, நர்ஸிடம் "மாத்திரை பற்றி டியூட்டி டாக்டரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும்" என்று சொல்லி வையுங்கள், கூப்பிட்டுத் தருவோம்.

தூக்க மாத்திரை விஷயத்தில் "அது வேண்டாம்" என்று ஆரம்பித்தால் எதிர்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன பேசினார், முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா. ராத்திரி நடந்தது காலை ரவுண்ட்ஸுக்கு வருகிறவருக்குத் தெரியாமலே போகலாம். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையில் குழப்பமும் வரும், எழுந்து நடக்கும்போது விழவும் செய்வார்கள். செருப்பைத் தேடினார் என்பதை அவசியம் சொல்லுங்கள், அந்த ஒன்றே போதும்.

நிழல்குடை:
டாக்டரை நம்பித்தானே சேர்த்தீர்கள்? நெட்டில் படித்துவிட்டு அவரைக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்.

மாத்திரை அட்டை:
நிழல்குடை, நம்புவது வேறு, அவருக்குத் தெரியாததைச் சொல்வது வேறு. வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூத்தவள், நான் மருந்தாளுநர். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், எப்போதாவது போடுவது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். போனில் பெயர் கேட்டு எழுதாதீர்கள், அட்டையே வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேளுங்கள்: இதைத் தொடரலாமா, அடியோடு நிறுத்தவா, கொஞ்ச நாள் நிறுத்தி மறுபடி தொடங்கவா, எந்தத் தேதியில்? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதுகிறார்கள், எதை விட வேண்டும் என்று எழுத மறந்துவிடுகிறார்கள். பிரச்சினை முக்கால்வாசி அங்கேதான்.

உங்கள் பட்டியலில் என் கண்ணில் பட்டவை. ராமிப்ரிலும் டெல்மிசார்டானும் கிட்டத்தட்ட ஒரே வழியில் வேலை செய்பவை, சேர்ந்தால் பிரஷர் ரொம்ப இறங்கலாம், பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் அடிவாங்கலாம். பொதுவாகச் சேர்த்துத் தருவதில்லை. மெட்ஃபார்மினை, ஸ்டென்ட் வைக்கும்போது ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயத்துக்காக நிறுத்தியிருக்கலாம், அப்படியானால் வழக்கமாக 48 மணி நேரம் கழித்து கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத் தொடர்வார்கள், சில சமயம் தொடரச் சொல்ல விட்டுப்போகும். டைக்ளோஃபெனாக்தான் எனக்கு அதிகப் பயம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் ஓடும்போது அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்கும் நல்லதில்லை. முழங்கால் வலிக்கு வேறு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை வைத்து நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கேட்பதற்குத்தான் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் மருந்துப் பிழைகளைக் குறைக்க 2017இல் தொடங்கிய திட்டத்தில் மூன்று இடங்களைத் தனியாகக் கவனிக்கச் சொன்னது. நிறைய மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் நேரம் ஒன்று. உங்கள் அப்பா இரண்டிலும் வருகிறார், தயங்காமல் கேளுங்கள்.

வெயில்காய்:
எங்கள் அம்மா கதை. ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை எழுதினார்கள், வீட்டிலிருந்த பழையதையும் விடாமல் கொடுத்தோம். கம்பெனி வேறு, நிறம் வேறு, உள்ளே இரண்டும் அம்லோடிபின். கால் வீங்கியது. வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார், அதில் தலைசுற்றல். மூன்று வாரம் கழித்து என் தம்பி அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துத்தான் கண்டுபிடித்தான். மேலே பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தைப் படியுங்கள்.

மூத்தவள்:
எல்லோருக்கும் நன்றி. சாயங்காலம் தம்பி பையோடு வந்தான், நர்ஸ் அக்கா டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுத் தந்தார். கோபமெல்லாம் இல்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். டெல்மிசார்டானை நிறுத்தச் சொன்னார். சேர்த்த அன்று தம்பி பதற்றத்தில் "ஏதோ பிரஷர் மாத்திரை" என்று மட்டும் சொல்லியிருக்கிறான், கேஸ் ஷீட்டிலும் அப்படியேதான் இருந்தது! மெட்ஃபார்மின், சாயத்துக்காக நிறுத்தியதுதான், கிரியாட்டினின் சரியாக இருப்பதால் நாளையிலிருந்து 1-0-1. டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, வலித்தால் பாராசிட்டமால். செருப்புக் கதையைக் கேட்டதும் அல்பிரசோலத்தை அடித்துவிட்டார். அப்பா எல்லாம் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அப்பாவுக்குப் பல் பிடுங்க நாள் குறித்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை அதற்கு முன்னால் நிறுத்தச் சொல்வார்களாமே?

இரவுப்பணி:
பல் டாக்டர் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்ட், அந்த இரண்டு மாத்திரையில் எது நின்றாலும் உள்ளே அடைத்துக்கொள்ளலாம். பல்லைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். இப்போது வார்டில்தானே இருக்கிறீர்கள், எழுந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.