தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பகிர்வு, நியாயம் பழக்க எந்த விளையாட்டு?

தலவாக்கலை டீச்சர்: பிள்ளைகள் 12 பேர், வயது 10 முதல் 12. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம்தான் நேரம். நியாயத்தைப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். பாம்பும் ஏணியும் போதுமா? மழைக்காலம், உள்ளேதான் ஆட வேண்டும்.

மஸ்கெலியா: போதாது டீச்சர். பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்று எழுதியிருந்தாலும் முடிவெடுப்பது தாயக்கட்டைதான். பிள்ளை எதையும் தெரிவு செய்யவில்லையே, பிறகு அதில் நியாயம் எங்கே? பல்லாங்குழி வையுங்கள். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 விதை, மொத்தம் 70. குழியில் 4 சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்கே சொந்தம்.

கவனிக்க வேண்டியது இரண்டாவது ஆட்டம். ஒருவரிடம் 43, மற்றவரிடம் 27 என்று வையுங்கள். 27 உள்ளவர் 5 குழிதான் நிரப்பலாம், 2 விதை மிச்சம். நிரம்பாத 2 குழியில் குச்சி வைத்து மூடிவிடுவார்கள், ஆட்டத்தில் சேராது. தோற்றவரின் நிலம் இப்படித்தான் சுருங்குகிறது. ஒரு வாரம் இதே விதியில் ஆடவிடுங்கள். அடுத்த வாரம் வென்றவர் தன் 7 குழியையும் நிரப்பிய பின் மிஞ்சும் 8 விதையைக் கடன் கொடுக்கலாம், ஆட்டம் முடிந்ததும் திருப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். 27உம் 8உம் 35, ஏழு குழியும் நிரம்பும். கொடுப்பதா வேண்டாமா என்று அவர்களே சண்டை போடட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

பண்டாரவளை அண்ணன்: மஸ்கெலியா சொன்னதுபோலவே லிஸி மாகி என்ற அமெரிக்கப் பெண்ணும் செய்தார். 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அவருடைய நில விளையாட்டை இரண்டு விதியில் ஆடலாம்: ஒன்றில் ஒருவரின் இலாபம் எல்லோருக்கும், மற்றதில் மற்றவரை நொடிக்க வைப்பவரே வெற்றியாளர். அதிலிருந்து பிறந்து 1935இல் கடைக்கு வந்த மொனோபொலி விளையாட்டில் இரண்டாவதுதான் மிஞ்சியது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கு வாடகை, நிலம் என்றால் விளக்கமே தேவையில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் முடியாது, தோற்ற பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். கேரம் என்றால், ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயொன்றைத் தானே எடுத்துத் திரும்பப் பலகையில் வைக்கட்டும். நடுவர் வேண்டாம்.

தலவாக்கலை டீச்சர்: பல்லாங்குழிப் பலகை இல்லையே?

மஸ்கெலியா: 30 முட்டை அட்டையில் வரிசைக்கு 6 குழி. இரண்டு வரிசை வெட்டி, முனையில் ஒவ்வொரு குழி ஒட்டுங்கள். 6 பலகைக்கு 420 புளியங்கொட்டை, கழுவிக் காயவைத்தது. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் விஷம். எடுக்காதீர்கள்.